தேங்காய் வெள்ளை, முடி கறுப்பு

முதல் நாள் வேலைக்குத் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போனேன். 1991ஆம் ஆண்டு. எனக்கு 19 வயது. விடியற்காலையிலேயே அம்மா எழுப்பி, தேங்காயெண்ணெய் வைத்து, வகிடெடுத்து, இறுக்கமாகப் பின்னி, வாழைநாரில் கட்டிய சரத்தைச் சூட்டிவிட்டாள். பால்மரத்தையும் தென்னையையும் விட்டு எங்கள் குடும்பத்தில் வேறு வேலைக்குப் போகும் முதல் ஆள் நான்தான். கூரை போட்ட இடத்தில், வெயில் படாமல், மாதச் சம்பளத்துக்கு வேலை. பூ வைக்காமல் எப்படி அனுப்புவாள்?

அந்தத் தேங்காய்ப்பால் தொழிற்சாலையின் உள்வாசலில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு பலகை: ‘சிலா பாக்காய் பெனுத்துப் கெபாலா.’ தலையை மூடச் சொல்கிறது. கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்த ஒரு மலாய்க்கார அக்கா என் தலையைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பூவை மெல்ல உருவி, மேசைமேல் இருந்த பிஸ்கட் தகர மூடியில் வைத்தார். அதில் ஏற்கெனவே ஏழெட்டுச் சரங்கள் கிடந்தன. கனகாம்பரம், மல்லி, ஒரு மஞ்சள் சாமந்தி. சாயங்காலம் வேலை முடிந்ததும் அவரவர் வாடிய பூவை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுவோம் என்பது அன்று சாயங்காலம்தான் தெரிந்தது.

எங்கள் ஊரான பாகான் டத்தோவைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேராக் ஆறு கடலில் விழும் இடம். தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங், சிம்பாங் அம்பாட் தாண்டி வந்தால் சாலையின் இருபுறமும் தென்னையும் செம்பனையும்தான். கடற்கரைக் களிமண். அலை ஏறாமல் தடுக்கக் கரை, நீர் வடிய நேர்கோடாக வாய்க்கால்கள். மலேசியாவில் தேங்காய் என்றால் முதலில் நினைவுக்கு வரும் ஊர் இதுதான். 2017இல் பேராக் மாநிலத்தின் 12ஆவது மாவட்டமாக அறிவித்தார்கள். அதுவரை நாங்கள் கீழ்ப்பேராக்கின் ஒரு மூலை. ருங்குப், சுங்கை சுமுன், செலெக்கோ என்று எங்கே போனாலும் மட்டையும் சிரட்டையும் கொப்பரைப் புகையும்தான்.

அம்மாவும் தலையை மூடித்தான் வேலை செய்தாள். அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டை, கைலி, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய துண்டு, அதன்மேல் ஓலைத்தொப்பி. தேங்காயை இரண்டாக வெட்டி, சூளையில் காயவைத்து, சிரட்டையிலிருந்து பருப்பை நெம்பி எடுக்கும் வேலை. வெயில், புகை, மேலேயிருந்து விழும் சிவப்பெறும்பு, இத்தனையிலிருந்தும் தலையைக் காப்பாற்றத்தான் அந்தத் துண்டு. ராத்திரி அவிழ்த்து உதறினால் தும்பும் கரியும் கொட்டும்.

முதல் நாள் ராத்திரி அம்மா கேட்டாள். “உள்ளதான வேலை? வெயிலும் இல்ல, எறும்பும் இல்ல. அப்புறம் எதுக்குடி தலைய மூடுறாங்க?”

“தேங்காய்க்கு நம்ம தலை ஆகாதாம்மா” என்றேன். ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே சொன்னாள்: “அதுவும் சரிதான். அடுப்பு பத்த வைக்கிறதுக்கு முந்தி கொண்டை போடுன்னு நான் சொல்றதில்லையா?”

தோட்டத்தில் தலைத்துண்டு வேலையிலிருந்து எங்களைக் காத்தது. தொழிற்சாலையில் அதே துண்டு எங்களிடமிருந்து சாப்பாட்டைக் காத்தது. வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் மனசுக்கு இது லேசில் ஒத்துக்கொள்வதில்லை. நம்மைக் காப்பதற்கு ஒன்றைக் கட்டச் சொன்னால் கட்டிக்கொள்வோம். நீ அசுத்தம், மூடிக்கொள் என்று சொல்வதுபோல் கேட்டால் சுருக்கென்று தைக்கும்.

உள்ளே நடக்கும் வேலை இது. மட்டை உரித்த காய் வெளிக்கொட்டகையிலிருந்து வரும். ஓட்டை உடைத்து நீக்கி, உருண்டையாகப் பருப்பை எடுப்பார்கள். அதன்மேல் ஒட்டியிருக்கும் பழுப்புத் தோலைக் கத்தியால் சீவுவார்கள். பிறகு கழுவி, பெல்ட்டில் ஓடவிட்டு, பளிச்சென்ற விளக்கின் கீழ் இருபுறமும் உட்கார்ந்து மிச்சம் மீதித் தோலையும் கெட்ட துண்டையும் பொறுக்குவோம். அதற்கப்பால் அரைத்து, பிழிந்து, சூடாக்கி, பாக்கெட் போடுவது இயந்திரத்தின் பாடு. நான் பெல்ட்டில். எட்டு மணி நேரம் வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தலைவலையை நாங்கள் ‘நெட்டு’ என்போம். அதை மாட்டுவதற்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் நெட்டு, பிறகு கழுத்துவரை இறங்கும் துணித் தொப்பி, பிறகு வாய்க்கட்டு, அதற்குப் பிறகுதான் மேலங்கி, கடைசியில் பூட்ஸ். மேலங்கியை முதலில் போட்டுவிட்டுத் தலையைச் சரிசெய்தால், உதிரும் முடி தோளில் உட்கார்ந்து நம்மோடு உள்ளே வந்துவிடும். காது இரண்டும் உள்ளே இருக்க வேண்டும். நெற்றியோரச் சுருள் முடி வெளியே தெரியக் கூடாது. கொண்டை ஊசி, ஹேர்பின் கூடாது. உடை மாற்றும் அறையில் சீப்பை எடுக்கவே கூடாது. பிறகு ஒட்டும் உருளையால் ஒருவர் முதுகை ஒருவர் தடவி, மருந்துத் தண்ணீரில் பூட்ஸை நனைத்து, முழங்கைவரை கை கழுவிவிட்டுப் போக வேண்டும்.

ஆரம்பத்தில் கொடுத்த வலை கறுப்பு நூல். அது நைந்து ஓர் இழை விழுந்தால் முடியா நூலா என்று தெரியாமல் பெல்ட்டை நிறுத்துவார்கள். பிற்பாடு, ஒருமுறை போட்டு எறியும் நீலத் தொப்பி வந்தது. ஏன் நீலம் என்று கேட்டேன். நீல நிறத்தில் சாப்பாடு அநேகமாகக் கிடையாது, அதனால் விழுந்தால் கண்ணில் படும் என்றார்கள். விரலில் வெட்டுப்பட்டால் ஒட்டும் பிளாஸ்டரும் நீலம்தான். அதற்குள் மெல்லிய உலோகத் தகடு இருக்கும். கண்ணுக்குத் தப்பினாலும் உலோகம் கண்டுபிடிக்கும் கருவி பிடித்துவிடும். முடிக்கு மட்டும் இப்படி ஒரு கருவி கிடையாது. காந்தம் இழுக்காது. சல்லடையிலும் நெடுக்காக நுழைந்து போய்விடும். விழாமல் தடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நெட்டு மட்டுமா? வளையலைக் கழற்று, மோதிரத்தைக் கழற்று. ஒட்டுப்பொட்டு கூடாது. எங்களோடு வேலை செய்த ஒருத்தியின் பொட்டு வியர்வையில் கழன்று தட்டில் விழுந்து, வெள்ளைத் தேங்காயில் சிவப்பாக உட்கார்ந்திருந்த நாளிலிருந்து அதற்கும் தடை. குங்குமமும் வேண்டாம் என்றார்கள். மூக்குத்தி கழற்ற வராதவர்கள் அதன்மேல் நீல பிளாஸ்டர் ஒட்டி, வாய்க்கட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

தாலிதான் பெரிய வழக்காகிப் போனது. கழற்ற முடியாது என்று கல்யாணமான அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அன்று எங்களுக்காகப் பேசியது ஒரு வயதான பெரியம்மா. தரக்கட்டுப்பாட்டு மிஸ்ஸிடம் அரைகுறை மலாயில், “மிஸ், இது நகை இல்ல. கழட்டி வெச்சிட்டு வந்தேன்னா என் மாமியார் சோறு போட மாட்டாங்க” என்றார். சீனப் பெண்ணான அந்த மிஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். தாலியைச் சட்டைக்குள் போட்டு, கழுத்துவரை பொத்தானிட்டு, மேலங்கியின் கழுத்துப்பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டால் போதும் என்று முடிவானது. மெட்டி எப்படியும் பூட்ஸுக்குள்தான். கேள்வி சாப்பாட்டில் விழுமா விழாதா என்பது மட்டும்தான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. விதியின் காரணம் தெரிந்தவர்களிடம் இப்படிப் பேச முடியும். எழுத்து மட்டும் தெரிந்தவர்களிடம் முடியாது.

இனிச் சொல்லப்போவதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம், தீபாவளிக்கு முந்தைய வாரம். எல்லாக் கடைக்கும் சரக்கு போகிற நேரம். பெல்ட் நிற்காமல் ஓடியது. அன்று காலையில்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தேன். தலையில் வியர்வையும் எண்ணெயும் கலந்து, எலாஸ்டிக் பட்ட இடமெல்லாம் அரித்தது. கொஞ்ச நேரம் பொறுத்தேன். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில், வலது காதுக்குப் பின்னால், தொப்பிக்குள் ஒரு விரலை விட்டுச் சொறிந்துகொண்டேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

அன்று மதியம் பெல்ட்டில் ஒரு முடி கிடைத்தது. நீளமான, கறுப்பான, எண்ணெய்ப் பளபளப்புள்ள முடி. பால்போன்ற தேங்காய்ச் சில்லின்மேல் பேனாவால் கோடு கிழித்ததுபோல் கிடந்தது. பெல்ட் நின்றது. கடைசியாகச் சரிபார்த்த நேரத்திலிருந்து அந்த நிமிஷம்வரை ஓடிய தேங்காய் முழுவதையும் தள்ளிவைத்தார்கள். சாயங்காலம் அது கழிவு லாரியில் போனது. எங்கள் அம்மாக்கள் உச்சி வெயிலில் பாடுபட்ட காய்.

பிறகு பெண்களை மட்டும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். அந்த முடியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒவ்வொருத்தியின் பின்னலோடும் வைத்துப் பார்த்தார்கள். எங்களில் ஒரு அக்காவுக்கு முழங்கால்வரை முடி. நாங்கள் அவரை ஜடை அக்கா என்றே கூப்பிடுவோம். உறையிலிருந்த முடி ஏறக்குறைய ஒரு முழம். என் முடியும் அதற்கு ஒத்துத்தான் போகும். பாதி பேருடையதும் ஒத்துப்போகும். ஆனால் நீளமான முடி என்றதும் எல்லார் கண்ணும் ஜடை அக்காவின் மேல்தான் போனது.

மறுநாளிலிருந்து அவரை மட்டை உரிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். வெயில், தும்பு, ஆண்கள் செய்யும் வேலை. அவர் சண்டை போடவில்லை. “போகட்டும் புள்ள, கை கால் இருக்கு” என்றார். அடுத்த திங்கட்கிழமை வரும்போது முடியைத் தோள்வரை வெட்டியிருந்தார். அப்போதும் உள்ளே எடுக்கவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா அந்த வருடம் படுக்கையில். இரண்டு தங்கைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். காரணம் இருந்தது. காரணம் இருந்தால் மட்டும் மனசு விட்டுவிடுமா? அந்த முடி என்னுடையதுதான் என்று இன்றும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. என்னுடையது இல்லை என்றும் சொல்ல முடியாது.

பிற்பாடு லைன் லீடரானேன். இன்னும் பிற்பாடு, புதிதாக வருபவர்களுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்கும் வேலை வந்தது. அப்போதுதான் இந்த விதி எங்கள் முதலாளியின் கெடுபிடி அல்ல, உலகம் முழுக்க உள்ளது என்று தெரிந்துகொண்டேன். ஐ.நா.வின் உணவு, சுகாதார அமைப்புகள் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ், 1969இல் வெளியிட்ட உணவுச் சுகாதாரக் கோட்பாட்டிலேயே தலையை மூடச் சொல்லியிருக்கிறது. அமெரிக்க விதியில் தாடி உறையும் உண்டு. நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டம், அதன் கீழ் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள். சாப்பாட்டைக் கையாளும் ஒவ்வொருவரும் தலைமறைப்பு, ஏப்ரன், காலணி அணிய வேண்டும், டைபாய்டு ஊசி போட வேண்டும், பயிற்சி வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். இடம் அசுத்தமாக இருந்தால் 14 நாள்வரை மூடி வைக்கச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் இடமுண்டு. இதெல்லாம் நாசி லெமாக் விற்கும் சாலையோரத் தள்ளுவண்டிக்கும் பொருந்தும்.

2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வாளர்கள் வந்து குறை சொல்லிவிட்டுப் போனதும், மலேசியா தானாகவே அங்கே கடல் உணவு அனுப்புவதைக் கொஞ்சகாலம் நிறுத்திவைத்தது. ஊத்தான் மெலிந்தாங் பக்கம் இறால், மீன் வேலைக்குப் போன எங்கள் சொந்தக்காரர்கள் அப்போது சுத்தம் பற்றிப் பேசாத நாள் இல்லை. எங்கோ ஒரு நாட்டில் தட்டில் கை வைப்பவனுக்காக இங்கே ஒருத்தி காதை மூடிக்கொள்கிறாள் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

வகுப்பில் நான் முதலில் போடுவது ஒரு கணக்கு. ஆரோக்கியமான மனிதத் தலையிலிருந்து ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும். 8 மணி நேர ஷிப்டில் 40 பேர் வேலை செய்தால், குறைந்தது 600 முடிக்கு மேல் விழும். “நம்ம லைன்ல ஒரு ஷிப்டுக்கு 600 முடி. எல்லாம் எங்கே?” என்று கேட்பேன். தொப்பிக்குள் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்தபிறகு கை தானாகவே தலைக்குப் போய் எலாஸ்டிக்கைச் சரிசெய்யும்.

அடுத்தது கிருமி. ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பெயரை அவர்கள் வாயில் நுழைய வைப்பதே ஒரு பாடம். மூக்கிலும் தோலிலும் தலையிலும் அது சும்மா இருக்கும், நமக்கு ஒன்றும் செய்யாது. தலையைச் சொறிந்த விரல் தேங்காயைத் தொட்டால் அங்கே பெருகும். அது கக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் லேசில் போகாது. தேங்காய்ப்பால் எவ்வளவு சீக்கிரம் புளிக்கும் என்று நம் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே நெட்டுக்கு இரண்டு வேலை. முடியை உள்ளே வைப்பது ஒன்று, விரலை வெளியே வைப்பது ஒன்று. இந்த இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும்.

விதிவிலக்குக் கேட்டு வந்தவர்கள் பலர். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குக் காவடி எடுத்துவிட்டு மொட்டையோடு வந்த ஒரு தம்பி, “எனக்கு எதுக்குக்கா நெட்டு? ஒரு முடி இருந்தா காட்டுங்க” என்றான். “புருவம் இருக்கில்ல? வியர்வை இருக்கில்ல? அதுவும் இல்லேன்னாலும் போடு. உனக்கு வேணாம்னா நாளைக்கு மேனேஜர் தனக்கும் வேணாம்பாரு” என்றேன். சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடி வளர்த்தவர்களுக்குத் தாடி வலை. இயந்திரம் பழுதுபார்க்க வரும் சீக்கியர் தலைப்பாகைக்கு மேல் பெரிய தொப்பியும் தாடிக்கு உறையும் எடுத்துக்கொண்டு, கேட்காமலேயே மாட்டிக்கொள்வார். தலை ஏற்கெனவே துடோங் என்னும் முக்காட்டால் மூடித்தானே இருக்கிறது என்றார் ஒரு மலாய்த் தங்கை. மூடியிருக்கிறதுதான். ஆனால் அந்தத் துணி மோட்டார் சைக்கிளில் ரோட்டுப் புழுதியெல்லாம் பட்டு வந்தது, அதில் குண்டூசியும் உண்டு. ஊசி இல்லாத சுத்தமான துடோங், அதன்மேல் தொப்பி என்று பேசி முடித்தோம். வெளியே இருந்து வரும் தணிக்கையாளர், முதலாளி, ஒய்பி என்று நாங்கள் சொல்லும் மக்கள் பிரதிநிதி என்று யார் வந்தாலும் அந்தக் கண்ணாடியைத் தாண்ட நீலத் தொப்பி வேண்டும். கோட்டு சூட்டோடு வந்து நீலத் தொப்பியில் எல்லாரும் ஒரே மாதிரி அசடு வழிய நிற்பதைப் பார்க்க எங்கள் பெண்களுக்குக் கொள்ளை ஆசை.

2020 மார்ச்சில் நாடே ஊரடங்கில் கிடந்தபோது சாப்பாட்டுத் தொழிற்சாலைகள் ஓடின. வாய்க்கட்டு மூச்சுமுட்டுகிறது, காது வலிக்கிறது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் போனில் புலம்பினார்கள். நாங்கள் கட்டத் தொடங்கி அப்போது 29 வருடம் ஆகியிருந்தது.

என் பொறுப்பில் இருந்த காலத்தில் நான் மாற்றியது ஒன்றே ஒன்றுதான். முடி கிடைத்தால் பெண்களை வரிசையில் நிறுத்தும் வழக்கத்தை ஒழித்தேன். அதற்குப் பதிலாக, உள்ளே போவதற்கு முன் ஒவ்வொருவரும் பக்கத்தில் நிற்பவரின் பின்கழுத்தைப் பார்க்க வேண்டும் என்று வைத்தேன். கண்ணாடியில் நம் முகம் தெரியும், பின்கழுத்து தெரியாது. அதைத் தோழிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே வந்து, தொப்பியைக் கழற்றி ஆசை தீரச் சொறிந்துகொண்டு, கை கழுவி, புதுத் தொப்பி போட்டுப் போக ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினேன். உற்பத்தி குறையும் என்றார்கள். ஒரு முடியால் ஒரு லாரி தேங்காய் போனதை நினைவுபடுத்தினேன். அந்த முடியைப் பற்றி அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

உதிர்வது முடியின் இயல்பு. எல்லாத் தலையிலும் உதிரும். அதனால்தான் எல்லாத் தலைக்கும் தொப்பி. விழுந்தபிறகு யாருடையது என்று தேடத் தொடங்கினால், எது ரொம்ப நீளமோ, யார் ரொம்ப எளியவரோ, அங்கே போய்த்தான் விரல் நிற்கும். ஒருத்தர்மேல் பழி விழாமல் இருக்கத்தான் விதி எல்லாருக்கும் பொதுவாக இருக்கிறது. இதை ஜடை அக்காவிடம் போய்ச் சொல்ல எனக்கு வருடக்கணக்கில் நேரம் இருந்தது. அவர் இறந்த செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. போனேன். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. முடி தோளுக்குக் கீழே வளரவே இல்லை.

இப்போது வேலையை விட்டுவிட்டேன். தலை முழுக்க நரை. கறுப்பு முடி விழுந்தால் வெள்ளைத் தேங்காய் காட்டிக்கொடுக்கும். நரைமுடியைக் காட்டிக்கொடுக்காது. அதனால் வீட்டில் சட்னிக்குத் தேங்காய் துருவும்போதும் நெட்டுப் போட்டுக்கொள்கிறேன். பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். காதும் உள்ளேதான் இருக்கிறது.